வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் ஆரம்பிக்கும்போது: திருச்சியில் பார்த்தவை

திருச்சியில் சர்க்கரை டாக்டரைப் பார்ப்பது கஷ்டமே இல்லை. தில்லைநகர் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு கிளினிக். லேபிலிருந்து விடிகாலையிலேயே வீட்டுக்கு ஆள் வந்து வெறும் வயிற்று ரத்தம் எடுத்துப் போகிறார். டிபனில் முதல் வாய் வைத்த நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, சரியாக இரண்டு மணி நேரத்தில் மறுபடி வருகிறார். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) ரிப்போர்ட் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வெளிநாட்டில் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் மாத்திரை போதாமல் இன்சுலின் எழுதிக் கொடுத்துவிட்டால், பிசகு பெரும்பாலும் மருந்துக்கடையில் ஆரம்பிக்கிறது. லீவில் வந்திருக்கும் பிள்ளைகள் கூடவே நிற்க வேண்டிய இடம் அதுதான்.

இந்தியாவில் ஹியூமன் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 40 யூனிட் அளவில் வருகின்றன. அரசு மருத்துவமனையில் கொடுப்பதும், 30/70 கலவையும் (வேகமாக வேலை செய்வது 30 சதவீதம், மெதுவாக வேலை செய்வது 70 சதவீதம்) இந்த வகைதான். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாதாரணமாகப் புழங்குவது 100 யூனிட். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின் போன்ற புது இன்சுலின்கள் இந்தியாவிலும் பெரும்பாலும் 100 யூனிட்தான். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் கடைக்காரர் கிளார்ஜின் குப்பியோடு சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 10 என்ற கோடு வரை இழுப்பது உண்மையில் 25 யூனிட். முதல் நாளே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். பாசத்தோடு டொரண்டோவிலிருந்து கொண்டுவந்த சிரிஞ்சில் ஊர்க் குப்பியின் மருந்தை இழுத்தால் நேரெதிர்: 10 யூனிட்டுக்குப் பதில் 4 யூனிட்தான் ஏறும். சர்க்கரை குறையவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றுவார், பிறகு யாராவது சரியான சிரிஞ்ச் வாங்கிவந்த நாளில் அம்மா மயங்கி விழுவார். ஆகவே சிரிஞ்ச் எதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம். குப்பியில் 40 என்றிருந்தால் சிரிஞ்சிலும் 40, 100 என்றால் 100. பில் போடும் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கையில் பணம் இருந்தால், குப்பி, சிரிஞ்சுக்குப் பதில் இன்சுலின் பேனா வாங்குவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. பேனாவிலும், பேனாவுக்குள் மாட்டும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலும் பெரும்பாலும் 3 மி.லி., மொத்தம் 300 யூனிட். தினம் 10 யூனிட் மருந்தும், ஊசியில் மருந்து வருகிறதா என்று சோதித்துப் பார்க்க 2 யூனிட்டும் போனால் 25 நாள் வரும். கார்ட்ரிட்ஜ் மாற்றும் வகை வாங்கினால், அதே கம்பெனி கார்ட்ரிட்ஜ் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் எப்போதும் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். ஒரு கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றின் பேனாவில் சரியாக உட்காராது. குளுக்கோமீட்டருக்கும் இதே விதி. வெளிநாட்டு மீட்டருக்கு இங்கே ஸ்ட்ரிப் கிடைக்காமல் போகலாம். அங்கே அளவுமுறை வேறு என்பதால் எண்ணும் குழப்பும்: லண்டன் மீட்டரில் 7 என்றால் இங்கே 18ஆல் பெருக்கி 126.

ஊசி போடச் சொல்லித்தருவது பெரும்பாலும் நர்ஸ்தான். கூட்டமான நாளில் அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மா கையாலேயே ஒருமுறை முழுதாகச் செய்துகாட்டச் சொல்லாமல் எழுந்துவராதீர்கள். 4 மி.மீ. ஊசியைப் பேனாவில் திருக வேண்டும். 2 யூனிட் வைத்து, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் மறுபடி. பிறகு டோஸ் வைத்து, வயிற்றில் நேராகக் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தியபடியே பத்து வரை எண்ணி அதன் பிறகே உருவ வேண்டும். நிறையப் பேர் குத்தின உடனே உருவிவிடுகிறார்கள், மருந்து தோலின்மேல் சொட்டாக நிற்கும். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட வேண்டும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். புடவை கட்டுபவர்கள் பாவாடை நாடா அழுத்தும் இடத்தையும் விட வேண்டும், அதை யாரும் சொல்வதில்லை. தினம் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடணும். ஒரே இடத்தில் போட்டால் கட்டிதட்டி, அங்கே மருந்து ஒழுங்காக உறிஞ்சாது. போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும், விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்றும் ஏறும்.

திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குக் கீழே ஒட்டினாற்போல் வைத்தால் உறைந்துவிடும், உறைந்தது உருகினாலும் உதவாது. கடையில் ஐஸ் கட்டியோடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்தால் நடுவே ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். திறந்த கிளார்ஜின் பேனா 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் திருச்சி வீட்டுக்குள் 30 எங்கே இருக்கிறது? ஊசியைக் கழற்றி ஃபிரிட்ஜ் நடுத்தட்டில் வைத்து, போடுவதற்கு அரைமணி முன்பு வெளியே எடுக்கலாம். நாள் முழுக்க ஷட்டவுன் என்றால், சின்ன மண்பானையைப் பெரிய மண்பானைக்குள் இறக்கி நடுவில் ஈரமணல் போட்டு, பேனாவை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடினால் வெப்பம் நன்றாகவே இறங்கும். கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்கணும், கலங்கியிருந்தால் தூக்கிப்போடுங்கள். 30/70 கலவை இயல்பிலேயே பால்போல் இருக்கும், அதை உள்ளங்கையில் உருட்டிக் கலந்துதான் போட வேண்டும்.

கிளார்ஜின் பொதுவாக 10 யூனிட்டில் ஆரம்பித்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து மூன்று நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் ஏற்றுவார்கள். சரியான அளவுக்கு வர வாரங்கள் ஆகும், உங்கள் லீவு அதற்குள் முடிந்துவிடும். அதனால் எந்த எண்ணுக்கு மேல் போனால் ஏற்றுவது, எதற்குக் கீழே போனால் குறைப்பது என்பதை டாக்டரிடம் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை தொடர வேண்டுமா, எத்தனை மி.கி. என்பதையும் கண்டிப்பாகக் கேளுங்கள். இன்சுலினோடு அதுவும் சேர்ந்தால் லோ சுகர் எளிதில் வரும், கிரியாட்டினின் கூடியவர்களுக்கு இன்னும் எளிதில். சஷ்டி, ஏகாதசி விரதம் இருப்பவர் என்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், பல பெரியவர்கள் டாக்டர் திட்டுவார் என்று மறைத்துவிடுகிறார்கள்.

வியர்வை, கை நடுக்கம், மீட்டரில் 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108க்கு அழைக்க வேண்டும். இதை மாடிவீட்டுக்காரருக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும் செய்துகாட்டிவிட்டுப் புறப்படுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நியூஜெர்சியிலிருந்து வீடியோ காலில் சர்க்கரைத் தண்ணீர் கலக்க முடியாது.

போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடியை டேப் போட்டு ஒட்டி, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கிளினிக்கில் கேட்டு ஒப்படைக்கலாம். குப்பைக் கவரில் போட்டால், பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளர் கையில்தான் அது குத்தும்.