புதன்கிழமைத் தடுப்பூசி: கோத்தகிரி அருகே ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையம்

பேத்தி பிறந்து 6 வாரம் நிறைந்ததும், தடுப்பூசி நாளான புதன்கிழமை காலையில் அவளை அங்கே தூக்கிச் சென்றோம். எடைத்தட்டு சில்லிட்டிருந்ததால், அதன்மேல் துண்டை மடித்து விரித்த பிறகே குழந்தையைக் கிடத்தினார்கள். 4 கிலோ 200 கிராம் இருந்தாள்.

செவிலியர், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் தடுப்பூசிக் குப்பியைக் காட்டி, அதன்மேல் அச்சிட்ட வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்றும், இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் அதைப் போடக்கூடாது என்றும் பொறுமையாக விளக்கினார். இந்தக் குளிரில் மருந்து எங்கே கெடப்போகிறது என்று நான் கேட்டதற்கு, 2 முதல் 8 டிகிரிக்குள்தான் அதை வைக்க வேண்டும், உறைந்துபோனாலும் பயனற்றதாகிவிடும் என்றார். நீலகிரியில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் எனக்கு அது தெரியாது.

ரோட்டா கிருமியால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டும், போலியோ சொட்டும் கொடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற அளவில் மட்டும் பாரசிட்டமால் சொட்டு கொடுங்கள் என்றார்கள்.

குறை ஒன்று உண்டு. ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டிய இடம் திறந்த தாழ்வாரம். பனிமூட்டம் முகத்தில் அடிக்க, தாய்மார்கள் சால்வைக்குள் பாலூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடுப்புத் திரையாவது கட்டலாம். 10ஆம் வாரத் தடுப்பூசிக்கும் அங்கேயேதான் செல்வோம், கம்பளியோடு.