ஹாஷா, எஸ்எஸ்டீப்பா, யாராவா? டிஸ்க் இமேஜில் கசிந்த பட்டியலைத் தேடுதல்

நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போயிருக்கிறது. சந்தேகத்துக்குரிய லேப்டாப்பின் டிஸ்க் இமேஜ், அதாவது முழு டிஸ்கின் அச்சு நகல், எடுத்தாகிவிட்டது. எதைக் கொண்டு தேடுவது?

ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்றது. எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் பொருந்தினால் அதே கோப்புதான், வாதத்துக்கே இடமில்லை. ஆனால் ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். ஆகவே கண்டுபிடிப்பதைவிடக் கழித்துக்கட்டவே இது அதிகம் உதவும்: அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிடும் என்எஸ்ஆர்எல் தொகுப்போடு (அறியப்பட்ட மென்பொருள் கோப்புகளின் ஹாஷ் பட்டியல்) ஒப்பிட்டு, விண்டோஸும் ஆஃபீஸும் கொண்டுவந்த கோப்புகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

திருத்திய பிரதிகளுக்கு எஸ்எஸ்டீப். 2006இல் ஜெஸ்ஸி கோர்ன்ப்ளம் வெளியிட்ட இந்தக் கருவி, ஒற்றுமைக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். இதேபோல் ஒற்றுமை பார்க்கும் டிஎல்எஸ்எச் இதற்குத் தலைகீழ்: அதில் 0தான் மிக நெருக்கம். எஸ்எஸ்டீப் இரண்டு இடங்களில் காலை வாரும். அது கோப்பைத் துண்டுகளாக்கிப் பார்க்கிறது; இரு கோப்புகளின் துண்டளவு சமமாகவோ ஒன்று மற்றதன் இருமடங்காகவோ இருந்தால்தான் அது ஒப்பிடும். 5 கேபி பகுதியை 2 எம்பி கோப்போடு வைத்தால் 0தான் வரும். அடுத்தது வேர்டின் டாக்எக்ஸ். அது ஜிப் சுருக்கம் என்பதால், நடுவே ஒரு வரி மாறினாலே பின்னால் வரும் பைட்டுகள் பெரும்பாலும் மாறிவிடும். உள்ளிருக்கும் எழுத்தைப் பிரித்தெடுத்து, அதன்மேல் ஓட்டுங்கள்.

பட்டியலில் ஆதார் எண்கள் இருந்தால் ரெகெக்ஸுக்கே (எழுத்துகள் அமையும் வடிவத்தை விவரித்துத் தேடும் முறை) என் முதல் ஓட்டு; கோப்பு அழிந்து துணுக்குகள் மட்டும் மிஞ்சினாலும் அது பிடித்துவிடும். வெறும் 12 இலக்கம் என்று எழுதினால் குப்பை கொட்டும். முதல் இலக்கம் 2 முதல் 9 வரை என்று வரையறுத்து, 4 இலக்கத்துக்கு ஒருமுறை இடைவெளி வரலாம் என்பதையும் சேர்த்து, கிடைத்ததை வெர்ஹூஃப் சோதனையில் (கடைசி இலக்கம் மற்றவற்றோடு கணக்குப்படி பொருந்துகிறதா என்று பார்ப்பது) வடிகட்டினால் தற்செயல் எண்களில் பத்தில் ஒன்பது உதிர்ந்துவிடும். சுருக்கப்பட்ட கோப்புக்குள் ரெகெக்ஸ் நேராகப் பார்க்காது. ஜிப்பைத் தானே விரித்துத் தேடும் பல்க் எக்ஸ்ட்ராக்டர் அங்கே வேண்டும்.

பல சொற்களைச் சேர்த்து நிபந்தனை வைக்க, விதிகள் எழுதித் தேடும் கருவியான யாரா வசதியானது. தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் அதன் 'வைட்' குறியை (ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் வடிவில் தேடுவதற்கானது) நம்பாதீர்கள். எழுத்தைப் பைட்டுகளாக்கும் முறைகள் பல: 'க' என்பது யூடிஎஃப்-8இல் 224, 174, 149. விண்டோஸ் பயன்படுத்தும் யூடிஎஃப்-16இல் 149, 11. 'வைட்' செய்வதோ அந்த யூடிஎஃப்-8 பைட்டுகள் மூன்றுக்கிடையே பூஜ்ஜியத்தைச் செருகுவது மட்டுமே, எதுவும் பொருந்தாது. இரு வடிவங்களையும் பைட் வரிசையாகவே விதியில் எழுதுங்கள். 'கொ'வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரிந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி வரி தேவை.