ஒரே படம், நாலு பிரதி: டிவிடி, புளூரே, 4கே, ஸ்ட்ரீமிங்கில் எதற்கு முதலிடம்?

லண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை உலகின் தலைசிறந்த படங்கள் என்று ஒரு வரிசை போடுகிறது. ‘சிட்டிசன் கேன்’ ஐம்பது வருஷம் அசையாமல் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. 2012-ல் ‘வெர்டிகோ’ அதைத் தள்ளியது. 2022-ல் ஷான்தால் அக்கர்மனின் ‘ழான் டீல்மன்’ மேலே வந்தது. நம் ‘பதேர் பாஞ்சாலி’க்கு 35-வது இடம். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு டிஸ்க் வாங்கக் கிளம்பினால் பணம்தான் கரையும். ஓட்டுப் போட்டவர்கள் மார்க் போட்டது படத்துக்கு. வீட்டில் நம் கண்ணுக்கு வருவது அந்தப் படத்தின் ஏதோ ஒரு பிரதி. பிரதி மோசமென்றால் முதலிடத்துப் படமும் கொட்டாவிதான்.

‘ழான் டீல்மன்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 201 நிமிஷம். ஒரு விதவை சமைக்கிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறாள், ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் லைட்டைப் போட்டு, வெளியே வரும்போது அணைக்கிறாள். கூடத்தில் தெருவிலிருந்து வரும் நீல வெளிச்சம் மினுங்கிக்கொண்டே இருக்கும். கதையில் பாதி அந்த வெளிச்சத்திலும் இருட்டிலும்தான் இருக்கிறது. அமுக்கிச் சுருக்கிய பிரதியில் இருட்டு கட்டம் கட்டமாக உடையும், நீலம் சுவரில் அழுக்கு மாதிரி தெரியும். அப்படிப் பார்த்துவிட்டு “இதுக்கா முதலிடம்?” என்று கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே இங்கே வரிசை போடப்போவது பிரதிகளை. நாகர்கோவிலில் இருந்துகொண்டு நமக்கு எட்டுகிறவை நாலு: பழைய டிவிடி, அதைவிடத் தெளிவான வெளிநாட்டுப் புளூரே டிஸ்க், அதையும் தாண்டிய 4கே டிஸ்க், இணையத்தில் ஓடும் ஸ்ட்ரீமிங்.

டிவிடி

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். டிசம்பர் திரைப்பட விழாவுக்கு மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் பஸ் ஏறிப் போனவர்கள், திரும்பும்போது பீமாபள்ளி கடைகளில் ஒரு பை நிறைய டிவிடி வாங்கி வந்த காலம் ஒன்று இருந்தது. கிம் கி-டுக், குரோசாவா, தார்கோவ்ஸ்கி எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைத்தார்கள். திருட்டுப் பிரதி என்பது வாங்கினவருக்கும் விற்றவருக்கும் தெரியும். அதன் நியாய அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும், படத்துக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். முறையான டிவிடியில் இரண்டு அடுக்கு சேர்ந்து 8.5 ஜிபி. திருட்டு டிஸ்க் பெரும்பாலும் ஒற்றை அடுக்கு, 4.7 ஜிபி. 207 நிமிஷ ‘செவன் சாமுராய்’ அதற்குள் திணிக்கப்படும்போது கடைசி மழைச் சண்டையில் மழை எது, சேறு எது, குதிரை எது என்று பிரிக்க முடியாது.

முறையாகவும் வந்தன. டிஸ்க் நிறுவனமான மோசர் பேர் விலையை முப்பது ரூபாய்ப் பக்கம் இறக்கிய அதே காலகட்டத்தில் பலடோர், என்லைட்டன் போன்ற இந்தியப் பெயர்களில் உலக சினிமா டிவிடிகள் கடைக்கு வந்தன. அவை இன்றும் யாராவது வீட்டைக் காலி செய்யும்போது அட்டைப்பெட்டியோடு கிடைக்கும். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் டிவிடிக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ‘பால்’ முறை, நொடிக்கு 25 பிரேம். சினிமா ஓடுவது 24-ல். அதனால் படம் நாலு சதவீதம் வேகமாக ஓடும், குரல் ஒரு மாத்திரை கீச்சென்று ஏறும். 161 நிமிஷ ‘ஸ்டாக்கர்’ 155 நிமிஷத்தில் முடிந்துவிடும். மசாலாப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். நிதானமே உயிரான தார்கோவ்ஸ்கி படத்தில் ஆறு நிமிஷம் காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

புளூரே: ரீஜன் தலைவலி

டிஸ்க்குகளில் உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ‘ரீஜன்’ பூட்டு போடுவார்கள்; ஒரு ரீஜன் டிஸ்க் இன்னொரு ரீஜன் பிளேயரில் ஓடாது. டிவிடியில் இந்தியா ரீஜன் 5, புளூரேயில் ரீஜன் சி. நாம் ஆசைப்படும் டிஸ்க்குகளோ அமெரிக்க டிஸ்க் நிறுவனமான கிரைட்டீரியனிலிருந்து (ரீஜன் ஏ), இல்லையென்றால் பிரிட்டனின் பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் திரைப்படக் கழகம்), யுரேகா நிறுவனத்தின் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா போன்றவற்றிலிருந்து (பெரும்பாலும் ரீஜன் பி) வரும். ஆக நம் கையில் இருக்கும் பிளேயர் இரண்டையும் திருப்பி அனுப்பும் வாய்ப்பு அதிகம். வளைகுடாவும் ரீஜன் பி-தான். துபாயிலோ தோஹாவிலோ இருக்கும் மச்சான் லீவுக்கு வரும்போது ஒரு பிளேயர் வாங்கிவரச் சொன்னால் பிரிட்டிஷ் டிஸ்க்குகளுக்கு வழி பிறக்கும், கிரைட்டீரியனுக்குப் பிறக்காது. எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிய பிளேயர் வாங்குவதுதான் தீர்வு. கணினி டிரைவில் பார்க்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: டிவிடி ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

விலை? கிரைட்டீரியன் புளூரே அட்டை விலை 39.95 டாலர். ஜூலையிலும் நவம்பரிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக்கடையில் பாதி விலைக்கு வரும். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டிய மாதங்கள் அவை. கூரியரில் வரவழைத்தால் சுங்கவரியில் அந்தச் சலுகை கரைந்துபோகும்.

இத்தனை பாடுபட்டு வாங்கத்தான் வேண்டுமா என்றால், அது படத்தைப் பொறுத்தது.

‘பதேர் பாஞ்சாலி’: சந்தேகமே இல்லாமல் புளூரே

சத்யஜித் ராயின் அபு படங்கள் (‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’) மூன்றின் மூல நெகடிவும் 1993-ல் லண்டனில் ஹெண்டர்சன் லேபரட்டரி தீயில் சிக்கின. கருகி, சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போன ரீல்களைத் தூக்கிப் போடாமல் அமெரிக்க அகாடமி ஆவணக் காப்பகம் எடுத்து வைத்திருந்தது. இத்தாலியில் பொலோனா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாத்தா கூடத்தில் அவற்றை நீர்ச்சத்து ஏற்றி இளக்கி, பிரேம் பிரேமாகப் பிரித்தார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகடிவிலிருந்தே மீண்டது. ‘அபுர் சன்சார்’ நெகடிவில் எதுவும் தேறவில்லை; பிழைத்திருந்த மற்றப் பிரதிகளிலிருந்து முழுதாகக் கட்டினார்கள். 2015-ல் கிரைட்டீரியன் புளூரே வந்தது.

பழைய டிவிடியையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். குளத்தில் நீர்ப்பூச்சி ஓடுகிற காட்சி போதும். டிவிடியில் தண்ணீர் மேல் ஏதோ புள்ளி நகரும். புளூரேயில் பூச்சியின் கால் பட்டு நீரில் விழும் குழிவு வரை தெரியும். துர்காவும் அபுவும் ரயில் பார்க்க ஓடும் நாணல் காட்டைச் சொல்லவே வேண்டாம். இந்தப் படத்தை வேறு எந்த வடிவிலும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘ஸ்டாக்கர்’: காதுக்காக வாங்குங்கள்

2000-களின் தொடக்கத்தில் வந்த ரஷ்ய டிவிடியில் ஒலியைப் புதிதாகக் கலந்து, பல ஸ்பீக்கர்களில் சுற்றி ஒலிக்கும் 5.1 ஆக்கினார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் மூன்று பேரும் டிராலியில் ‘மண்டல’த்துக்குள் போகும் அந்த நீண்ட காட்சியில், தண்டவாளச் சத்தம் நாம் அறியாமலே மெல்ல மெல்ல இசையமைப்பாளர் ஆர்த்தமியேவின் மின்னிசையாக மாறும். ஒற்றைத் தடத்தில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதால்தான் அந்த மாற்றம் பிடிபடாமல் நடக்கிறது. நாலு பக்கமும் ஸ்பீக்கர் வைத்துப் பிரித்துவிட்டால் மாயம் போச்சு. 2017 கிரைட்டீரியன் புளூரேயில் அந்த ஒற்றைத் தட மோனோ ஒலி இருக்கிறது. கையில் காசில்லை என்றால் ரஷ்ய ஸ்டுடியோ மோஸ்ஃபில்ம் தன் யூடியூப் சேனலில் தார்கோவ்ஸ்கி படங்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. ஹெட்போன் மாட்டிப் பாருங்கள். திருட்டு டிவிடியைவிட அது எவ்வளவோ மேல்.

வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’வும் (1960) காதுக்கான படம். நாயகி நீதா படியிறங்கும்போது சாட்டை வீசும் சத்தம் கேட்கும். இரைச்சல் நிறைந்த பழைய பிரதியில் அது ஒலித்தடத்தில் விழுந்த கீறல் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள்.

‘இன் த மூட் ஃபார் லவ்’: புதுசு வாங்கிப் பழசைத் தள்ளாதீர்கள்

புதிய பிரதி என்றால் நல்ல பிரதி என்ற நம்பிக்கை இங்கே அடி வாங்குகிறது. வோங் கார்-வாய் தன் படங்களைத் தானே மேற்பார்த்து மீட்டெடுத்து, 2021-ல் ஏழு படங்களாகக் கிரைட்டீரியன் பெட்டியில் வெளியிட்டார். வண்ணத்தை மாற்றினார். ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ படத்தில் திரையின் அகலத்தையே மாற்றினார். ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்தின் சிவப்பும் தங்கமும் குறைந்து பச்சை ஏறியது. 2022-ல் வந்த 4கே டிஸ்க்கிலும் அந்தப் பச்சைதான். வடசேரி நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏண்ணே எல்லாம் இப்படிப் பச்சையா கெடக்கு? டிவி போச்சா?”

இயக்குநருக்கு உரிமை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் 2000-ல் உலகம் பார்த்த படம் அதுவல்ல. அதனால் 2012 புளூரேதான் என் தேர்வு, 4கே இரண்டாமிடம். தெளிவில் 4கே ஜெயிக்கிறது, மறுக்கவில்லை. நாயகி உடுத்தும் சீன உடையான சியோங்சாம் துணியின் இழை எண்ணலாம். எனக்கு இழையைவிட நிறம் முக்கியம்.

‘ஜோன் ஆஃப் ஆர்க்’: கிரைட்டீரியனா, யுரேகாவா?

டிரேயரின் 1928 படத்தின் மூல நெகடிவ் தீயில் போனது. நல்ல பிரதி ஒன்று 1981-ல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனை அலமாரியில் கிடைத்தது. மௌனப்படத்துக்கு ஓடும் வேகம் எது என்பதே வழக்கு. 24 பிரேமில் 81 நிமிஷம். 20 பிரேமில் அதைவிடக் கால் மணி நேரம் கூட. இரண்டு நிறுவனமும் இரண்டு வேகத்தையும் தருகின்றன. கிரைட்டீரியனில் ஐன்ஹார்னின் ‘வாய்சஸ் ஆஃப் லைட்’ இசை உண்டு, பெரிய கோயில் திருவிழா அளவுக்குக் கனம். நான் 20 பிரேமில், ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்க்கிறவன். அப்படிப் பார்ப்பவருக்கு இரண்டில் எது மலிவோ அது.

‘எலிப்பத்தாயம்’: டிவிடியே போதும்

அடூர் கோபாலகிருஷ்ணனின் இந்த மலையாளப் படம் (1981) பிரிட்டனின் செகண்ட் ரன் நிறுவனத்தில் டிவிடியாக வந்தது. அவர்கள் டிவிடியில் ரீஜன் பூட்டு போடுவதில்லை, எந்தப் பிளேயரிலும் ஓடும். பாழடைந்த தறவாடு (குடும்ப வீடு), வேலை செய்யத் தெரியாத காரணவர் (குடும்பத் தலைவர்), பங்கு கேட்டு வரும் அக்கா: கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தைப் படித்து வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதில் விளக்கவுரை தேவைப்படாது. மலையாளம் பழகிய விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்கு சப்டைட்டிலும் வேண்டாம். டிவிடியின் 576 கோடுகளில் வீட்டு இருட்டு கொஞ்சம் மங்கும். பொறுத்துக்கொள்ளலாம். அரவிந்தனின் ‘தம்பு’ மீட்டெடுக்கப்பட்டு 2022-ல் கான் விழாவில் ஓடியதைப்போல இதற்கும் ஒரு நாள் வந்தால் அப்போது வரிசையை மாற்றிக்கொள்வேன்.

4கே, ஸ்ட்ரீமிங்

4கே டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது. நம் ஊருக்கு இது பெரிய வரம். ஆனால் கிரைட்டீரியன் 4கே பெட்டியில் பேட்டி, ஆவணப்படம் போன்ற கூடுதல் சரக்கெல்லாம் பெரும்பாலும் கூட வரும் புளூரேயில் இருக்கும், அதற்கு ரீஜன் ஏ பூட்டு. பிளேயர் செய்கிறவர்களும் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்துகிறார்கள்: ஓப்போ 2018, சாம்சங் 2019, எல்ஜி 2024. வாங்குவதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்ட்ரீமிங்கில் உலக சினிமாவுக்கான முபி தளம் 2019 முதல் இந்தியாவில் இருக்கிறது. கிரைட்டீரியனின் சொந்த ஸ்ட்ரீமிங் தளமான கிரைட்டீரியன் சேனல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும். முதல்முறை பார்க்க ஸ்ட்ரீமிங் தாராளமாகப் போதும். பிடித்ததா என்று தெரியாமல் நாலாயிரம் ரூபாய் டிஸ்க் வாங்குகிறவர் பணக்காரராக இருக்க வேண்டும். குறை இரண்டு. பார்க்க நினைத்த படம் அடுத்த மாதம் இருக்காது. மூடுபனி, புகை, அந்தி வானம் வந்தால் பட்டை பட்டையாகப் பிரியும்.

டிஸ்க்குக்கும் எதிரி உண்டு, நம் வானம். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, போதாததற்கு உப்புக்காற்று. கிரைட்டீரியனின் அழகான அட்டைப் பெட்டிகள் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் உப்பிப் பூசணம் பூக்கின்றன. யுரேகாவின் சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டி அசையாமல் இருக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். நேர்க்கீறலைப் பிளேயர் சமாளித்துவிடும், வட்டக்கீறல் படத்தை நிறுத்தும்.

என் வரிசையில் முதலிடம் அபு புளூரேக்கு, அடுத்து ‘ஸ்டாக்கர்’, மூன்றாவது பழைய ‘இன் த மூட் ஃபார் லவ்’. நாலாவது ‘எலிப்பத்தாயம்’ டிவிடி, 4கே டிஸ்க்குகளையே முந்திக்கொண்டு. ‘ஜோன்’ அதற்குப் பின்னால். தமிழ் சப்டைட்டில் இந்த ஐந்தில் எதிலும் இல்லை. நாலு பேரைக் கூட்டி வைத்துப் படிப்பகத்தில் திரையிடுகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, தமிழில் எழுதிய சப்டைட்டில் கோப்பை ஏற்றிக் கணினியில்தான் ஓட்டுகிறார்கள். அங்கே இந்த வரிசை செல்லாது.