வேலையைப் பகிர்வதா, முடிவைப் பகிர்வதா? தலைமை ஆசிரியர்கள் முன்னுள்ள மூன்று வழிகள்

2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் பொறுப்பைப் பகிராமல் தாக்குப்பிடிக்க முடியாது. எமிஸ் எனும் பள்ளித் தகவல் இணையதளப் பதிவு, மிதிவண்டி வழங்கல், கட்டடப் பழுது, பொதுத்தேர்வு, இடைநிற்றல் என அத்தனையும் ஒரே மேசைக்குத்தான் வருகின்றன. எப்படிப் பகிர்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பரவலாக இருப்பது குழு முறை. ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வரும்: தேர்வுக் குழு, ஒழுங்குக் குழு, விளையாட்டுக் குழு. ஆசிரியர்கள் நிறைந்த நகரத்து மேல்நிலைப் பள்ளியில் இது பயன்படும். யாரைக் கேட்பது என்பதாவது தெரியும். ஐந்து பாடங்களுக்கு ஐந்தாறு ஆசிரியர்கள் மட்டுமே இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் எல்லாக் குழுவிலும் அதே ஐந்து பெயர்கள்தாம். வேலை இறங்கி வருகிறது, முடிவு தலைமை ஆசிரியர் அறையிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது வழி, முடிவையே பகிர்வது. பகிர்வுத் தலைமை பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்பில்லேன், தலைமை என்பது ஒரு பதவியில் இல்லை, மனிதர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து செயல்படுவதில் இருக்கிறது என்கிறார். நம் ஊர்களில் இதற்குப் பொருள் மிகத் தெளிவானது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டமுள்ள பாதையில் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். பத்தாம் வகுப்பு மாலைச் சிறப்பு வகுப்பு எப்போது முடிய வேண்டும் என்பதை அந்தப் பாதையையும் கடைசி பஸ்ஸையும் அறிந்த வகுப்பாசிரியர் தீர்மானிக்கட்டும். பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரு மாணவி வரவில்லை, வீட்டில் திருமணப் பேச்சு என்று தோழிகள் சொல்கிறார்கள். உடனே 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கச் சட்டப்படி யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் "தலைமை ஆசிரியர் வரட்டும்" என்று ஆசிரியர் தயங்கினால், தலைமை ஆசிரியர் முதன்மைக் கல்வி அலுவலகக் கூட்டத்திலிருந்து திரும்புவதற்குள் காலம் கடந்துவிடும். நீங்களே அழையுங்கள், நான் துணை நிற்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் இங்கே தலைமை.

தலைமை ஆசிரியர் மாறுதலில் போகும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். மலையோரப் பள்ளிகளில் அந்த இடம் காலியாகி, மூத்த ஆசிரியர் 'பொறுப்பு' பார்ப்பது புதிதல்ல. குழு முறையில் பழகியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். முடிவெடுத்துப் பழகியவர் அடுத்த நாளே பள்ளியை நடத்துவார்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்பவர் தலைமை ஆசிரியர் ஒருவர்தான். பதில் சொல்லும் கடமை பகிரப்படாதபோது அதிகாரத்தைக் கொடுக்க அவர் அஞ்சுவது இயல்பு. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலுவலர்கள் கேள்வி கேட்கும் விதமும் மாற வேண்டும். நிதியும் கையொப்பமும் அவரிடமே இருக்கட்டும்.

மூன்றாவது வழி, பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் தங்களுக்குள் பகிர்வது. பள்ளிகளை இணைத்துத் தொகுப்பாக இயக்கும் யோசனையை இந்தியக் கல்வியை ஆராய்ந்த 1964–66 கோத்தாரி குழுவே முன்வைத்தது. ஓசூர், தளி வட்டாரத்தின் தெலுங்கு, கன்னட வழிப் பிரிவுகளுக்கு இது மிகவும் உதவும்: வினாத்தாள் தயாரிப்பதையும் திருப்புதல் தேர்வையும் பள்ளிகள் சேர்ந்து செய்யலாம். தொலைவு தடைதான். சித்தேரி மலைப் பள்ளியிலிருந்து அரூருக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தாலே ஒரு பள்ளி நாள் போய்விடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவை இவற்றோடு போட்டியாக வைக்க மாட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் அதில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பேர் பெண்களும் இருக்கச் சொல்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது உடனிருக்க வேண்டும்.

என் தேர்வு இரண்டாவதுதான், சிறிய உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஐயமே இல்லாமல். ஜூன் சுற்றறிக்கையில் குழுப் பெயர்களுக்குக் கீழே, எந்தெந்த முடிவை யார் கேட்காமலே எடுக்கலாம் என்றும் எழுதி, அதன் கீழ் தலைமை ஆசிரியர் கையொப்பமிட வேண்டும்.