அம்மாவின் கைக்கு அடங்கிய கைப்பிடி
மதுரையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு, தெருமுனை ஸ்டீல் பட்டறையில்தான் கைப்பிடி செய்தோம். முதலில் 2 அங்குலக் குழாயைக் காட்டினார்கள். முட்டிவலியோடு ஏறுகிற அம்மாவைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். விரல்கள் சுற்றி வரவில்லை. ஒன்றரை அங்குலம் கச்சிதமாக அடங்கியது. குழந்தை தலையை நுழைக்காதபடி கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கும் குறைவாக விடச் சொன்னேன், அப்படியே செய்தார்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகமே கேளுங்கள். 202 விலை குறைவுதான், ஆனால் மழை படும் இடத்தில் சீக்கிரம் துருப்புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்ப்பது உதவாது, இரண்டிலுமே பெரும்பாலும் ஒட்டாது. நான் பில்லில் ரகத்தை எழுதி வாங்கினேன்.

ஒரே குறை, கடைசித் தூணைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் ஆடியது. சொன்ன மறுநாளே வந்து, துளையைத் தள்ளிப் போட்டு இறுக்கிவிட்டார்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு தூணையும் ஆட்டிப் பாருங்கள்.