பழைய ஆம்னிக்கு மறுபூச்சு: முழு வண்டிக்கா, துருப் பிடித்த பகுதிக்கு மட்டுமா?

பதிவுச் சான்றின் பதினைந்து ஆண்டு முடிந்து, மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டியை வைத்திருப்பவருக்கு அடுத்து வரும் கேள்வி பெயிண்ட்தான். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய் ஆகிவிட்டது. அதையும் கட்டித் தகுதிச் சான்றும் பெற்ற பிறகு வண்டியை விற்க மனம் வருவதில்லை. வைத்து ஓட்டுவதென்று முடிவெடுத்தால், வெளுத்தும் துருவேறியும் நிற்கும் உடலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் விதைநெல்லும் உரமூட்டையும் ஏற்றி ஓடும் எங்கள் 2007ஆம் ஆண்டு வெள்ளை மாருதி ஆம்னிக்காக மன்னார்குடி, தஞ்சாவூர், திருச்சிப் பட்டறைகளில் விசாரித்தேன். இறுதியில் முழு வண்டிக்கும் அடிக்கவில்லை. துருப் பிடித்த கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டிச் சரிசெய்து, அங்கே மட்டும் பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் அடித்துக்கொண்டேன்.

மலிவான வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு வண்டியையும் 20,000 ரூபாய்க்குள் அடித்துத் தரும் பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே அடிப்பது பெரும்பாலும் சிந்தெடிக் எனாமல், அல்லது பழைய ஆட்கள் இன்றும் டூக்கோ என்றே சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். எனாமல் காய நேரமாகும், அதற்குள் தூசி ஒட்டிக்கொள்ளும், வெள்ளை நிறமென்றால் நாளடைவில் மஞ்சளிக்கும். டூக்கோ விரைவில் காயும். ஆனால் தின்னர் ஆவியாவதால் மட்டுமே இறுகும் பூச்சாகையால் தின்னர் பட்டால் மறுபடியும் கரையும், அடிக்கடி பாலிஷ் போட்டால்தான் பளபளப்பு நிற்கும். டிராக்டர் டிரெய்லருக்கு எனாமல் போதும். காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வண்டி முழுவதும் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் செய்து பார்த்ததில்லை. நண்பர் ஒருவருடைய புது வண்டியில் பார்த்த அளவில் அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நல்ல பூச்சின்மேல் ஒட்ட வேண்டிய பொருள். துரு பூத்த, பெயிண்ட் உரியும் பரப்பில் ஒட்டினால் பிடிப்பு நிற்காது, பிற்காலத்தில் உரிக்கும்போது பழைய பெயிண்டும் சேர்ந்தே வந்துவிடும். ஸ்டிக்கரானாலும் பெயிண்டானாலும் நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் அதைப் பதிய வேண்டும் என்பதால், பழைய நிறத்திலேயே நிற்பது அலைச்சலைக் குறைக்கும்.

ஆக, உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான்: முழு வண்டிக்கும் பி.யூ. அடிப்பதா, வேண்டிய இடத்துக்கு மட்டும் அடிப்பதா. பி.யூ. என்பது ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபகுதிப் பெயிண்ட். இரண்டும் வேதிவினை புரிந்து இறுகுவதால் பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். திருச்சியில் பூத் (பெயிண்ட் அடிப்பதற்கான மூடிய அறை) வசதியுள்ள இடத்தில் முழு ஆம்னிக்கும் 48,000 ரூபாய் கேட்டார்கள்; டிங்கரிங் என்னும் தகர வேலைக்குத் தனிக்கூலி. பூத்துக்குள் தூசி வராது, அடித்த பெயிண்டை அறுபது டிகிரி அளவில் சூடாக்கி அன்றைக்கே இறுகச் செய்யலாம், நிற வேறுபாடு என்ற பேச்சே எழாது. வேலை முடிந்து நின்ற வண்டிகளைப் பார்த்தபோது எனக்கும் ஆசை வந்தது. காசைப் பொருட்படுத்தாமல் அழகை மட்டும் கேட்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் டெல்டாவில் ஓடும் பழைய வண்டிக்கு உயிர்ப்பிரச்சினை அழகு அல்ல, துரு. அந்தத் துரு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பார்த்தாலே முடிவு கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி இறங்கும் இடுக்கின் வழியே கதவுக்குள் இறங்கும் தண்ணீர் அந்தத் துளைகளின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நம் ஊர்ச் சாலைகளிலும் வயல் வரப்புகளிலும் ஓடும் வண்டியில் அந்தத் துளைகளைச் சேறும் பதரும் வைக்கோல் தூளும் அடைத்துவிடுகின்றன. பிறகு ஐப்பசியில் உள்ளே இறங்கிய தண்ணீர் தை பிறந்தும் காயாமல் கதவின் மடிப்பிலும், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் உட்குழிவிலும் தங்கிவிடுகிறது. ஆம்னியில் பக்கக் கதவு நகரும் தண்டவாளமும், கூரையோரத்துத் தண்ணீர்ப் பள்ளமும் இதே கதிக்கு உள்ளாகின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளுக்கு இதோடு கடற்காற்றின் உப்பும் சேர்வதால் அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். உள்ளே பிறந்த துரு தகரத்தைத் தின்றுகொண்டே வந்து, கடைசியில்தான் வெளிப்பக்கத்துப் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் சில மடங்கு பெருகுகிறது. அதன்மேல் எந்தப் பூச்சும் ஒட்டி நிற்க முடியாது.

அப்படியிருக்க, வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்து, மேடுபள்ளத்தை நிரவும் பட்டி பார்த்து 48,000 ரூபாய்க்குப் பளபளப்பாக்குவது உப்புப் பூத்த சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பானது. பூத் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் ரன்னிங் போர்டின் உட்புறத்தை அது தொடுவதில்லை. கொப்புளம் அதே இடத்தில், புதுப் பெயிண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மறுபடி எழும்பும்.

மறுபக்கமாகவும் ஒரு காரணம் உண்டு. விலை கேட்கும் அவசரத்தில் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. தொழிற்சாலையில் வண்டியின் வெற்று உடலை முழுவதுமாக பிரைமர் என்னும் அடிப்பூச்சுத் தொட்டிக்குள் அமிழ்த்தி, மின்சாரத்தின் உதவியால் மூலை முடுக்கெல்லாம் பூச்சு படியச் செய்து, 160 டிகிரிக்கு மேல் அடுப்பில் வேகவைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் வயரும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இருப்பதால் அந்தச் சூட்டை எந்தப் பட்டறையும் கொடுக்க முடியாது. ஆகவே வெளுத்துப்போயிருந்தாலும் உரியாமல் நிற்கும் பழைய தொழிற்சாலைப் பூச்சு, அடித்தளம் என்ற வகையில், எவ்வளவு காசு கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காத பொருள். முழுப் பெயிண்ட் என்ற பெயரில் நல்ல கூரையையும் நல்ல கதவையும் தகரம் தெரியத் தேய்த்துவிட்டு அதைவிடக் குறைந்த ஒன்றை அதன்மேல் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வண்டியின் மேற்பாதியை 2000ஆம் எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்துக் கம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசை போட்டதிலேயே பழைய வெண்மை பெரிதும் திரும்பிவிட்டது.

கீழ்ப்பாதியில்தான் காசைக் கொட்டினேன். இரண்டு பக்கத்து ரன்னிங் போர்டிலும் பின்சக்கர வளைவிலும் அரித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகரம் பற்றவைக்க 9,000 ரூபாய். பிரைமர், பட்டி, பி.யூ. பெயிண்ட், அடிக்கும் கூலி எல்லாம் சேர்த்து 12,000. உட்குழிவுகளுக்குள் மெழுகு பீய்ச்சி அடிப்பாகத்துக்குக் கோட்டிங் போட 2,500. மொத்தம் 23,500 ரூபாய். இதில் பெயிண்டுக்கான சரக்கின் விலை சிறு பங்குதான். தேய்ப்பதும் வெட்டுவதுமாகிய உழைப்புக்கே பெரும்பகுதி போகிறது. எனவே விலை குறைத்துப் பேசும்போது பட்டறைக்காரர் குறைக்கக்கூடியது அந்த உழைப்பை மட்டுமே என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேச வேண்டும்.

வேலையில் நான் விட்டுக்கொடுக்காமல் கேட்டது ஒன்று: பட்டிக்கு அடியில் எபாக்சி பிரைமர். பட்டி நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சும். வெற்றுத் தகரத்தின்மேல் பட்டியை அப்பி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, அது உலருமுன் அவசரமாக மேற்பூச்சு ஏற்றினால் அந்த ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுத் துருவுக்கு வழிசெய்யும். எபாக்சி முதலில் ஏறினால் தகரத்துக்கும் ஈரத்துக்கும் இடையில் தடுப்பு கிடைக்கிறது. பட்டியை உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும், கூலியும் சற்று கூடும்; அதைக் கொடுத்துவிடுவதே நல்லது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பி.யூ. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும், ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் ஆஸ்துமாவாக நிலைத்துவிடக்கூடும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கும் தொழிலாளிகளைத்தான் நம் ஊரில் மிகுதியாகப் பார்க்கிறோம். நல்ல காற்று தனிக்குழாயில் வரும் முகமூடி உள்ள பட்டறையைத் தேடிப் போவதும், அதற்காகச் சில நூறு ரூபாய் கூடக் கொடுப்பதும் நம் கடமை என்றே கருதுகிறேன்.

மறுவிற்பனையைப் பொறுத்தவரை, எங்கள் வண்டிக்குத் தரகர் சொன்ன விலை ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டவில்லை; அதில் 48,000 ரூபாயையும் டிங்கரிங் கூலியையும் போட்டால் அது விலையில் திரும்பி வராது. மேலும், பழைய வண்டி முழுவதும் புதிதாக மின்னினால் வாங்க வருபவருக்கு முதலில் எழுவது சந்தேகம்தான். விவரம் தெரிந்தவர்கள் கையோடு காந்தம் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறார்கள்; பட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாது. பகுதிப் பெயிண்ட் அடித்த வண்டியில் வெட்டிப் பற்றவைத்த இடத்தை மறைக்காமல் காட்டிச் சொல்லலாம், வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் காட்டலாம்.

இந்த வழிக்குக் குறை இல்லாமல் இல்லை. வெயிலில் பதினெட்டு ஆண்டு நின்ற வெள்ளையும் இன்று கலக்கிய வெள்ளையும் ஒன்றாக இராது. நிறக்குறியீட்டைப் பார்த்து மட்டும் கலக்காமல், வண்டியின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொடுத்து அதற்கு ஒப்பக் கலக்கச் சொன்னேன். எல்லைக்கோடு நடுத்தகரத்தில் விழாமல் உடலில் ஏற்கெனவே உள்ள மடிப்புக்கோட்டில் விழுமாறும் பார்த்துக்கொண்டோம். அப்படியும் மாலை வெயிலில் உற்றுப் பார்த்தால் சிறு வேறுபாடு தெரிகிறது. வெட்டிய இடத்தில் இதுவரை ஒரு மழைக்காலம் மட்டுமே கடந்திருக்கிறது. கொப்புளம் இல்லை என்றாலும், ஐந்தாண்டு தாங்கும் என்று இப்போதே உறுதி கூறுவது நேர்மையாகாது.

சாதாரண வெள்ளை, சிவப்பு போன்ற ஒற்றை நிறங்களுக்குத்தான் என் பரிந்துரை செல்லும். சில்வர் போன்ற மெட்டாலிக் நிறமாயின் பகுதிப் பூச்சு பளிச்சென்று தனித்துத் தெரியும். பானெட்டிலும் கூரையிலும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேற்பூச்சு தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கிய வண்டியிலும் பாலிஷால் ஒன்றும் ஆகாது. அத்தகைய வண்டிக்கு, துரு வேலையை முதலில் தனியாக முடித்துவிட்டு முழு பி.யூ. அடிப்பதே சரி.

எந்த வழியானாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பூத் இல்லாத பட்டறையில் வண்டியை விடக் கூடாது. ஈரக்காற்றில் டூக்கோ வெண்மூட்டமாகப் பூத்துப்போகும், பி.யூ. ஹார்டனரோ காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து நுண்குமிழியிட்டுப் பளபளப்பை இழக்கும். சித்திரை உச்சிவெயிலில் தின்னர் பரவுமுன்பே ஆவியாகி மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும் என்பதால் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கேட்க வேண்டும். சம்பா அறுவடைத் தூசி அடங்கிய மாசிக் கடைசியும் பங்குனியும் காலை நேரத்தில் அடிக்க ஏற்றவை. அடித்தபின் ஒரு வாரம் தண்ணீர் விட்டுக் கழுவாமலும், ஒரு மாதம் மெழுகு பூசாமலும் வைத்திருந்தால் பூச்சு முழுமையாக இறுகிவிடும்.