செல்ஃப் இழுக்கலன்னா புது பேட்டரியா, மோட்டார் கடையா, மீட்டரா?

மீன்பிடித் தடைக்காலம் முடியுற நேரத்துல நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை பக்கம் வந்தீங்கன்னா பாதி போட்டுலேர்ந்து ஒரே சத்தந்தான் வரும், உர்ர்... உர்ர்... டக். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் சும்மா கெடந்த இன்ஜின், செல்ஃப் (இன்ஜின மொதல்ல சுத்திவிடுற கரண்ட் மோட்டார்) அடிச்சா மெதுவா அரை சுத்து சுத்திட்டு ஓஞ்சுடும். போன வருஷம் எங்க போட்டுக்கும் அதே கததான். ஆறு சிலிண்டர் டீசல், 12 வோல்ட் பேட்டரி ரெண்ட சீரிஸ்ல போட்டு 24 வோல்ட். ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் அடிச்சாச்சு, ஆளுங்க வந்தாச்சு, இன்ஜின் மட்டும் எடுக்கல.

டிரைவர் அண்ணன் புது பேட்டரி வாங்கிடுவோம் தம்பின்னார், சித்தப்பா செல்ஃப் மோட்டார கழட்டி கடையில குடுடான்னார், நான் முதல்ல வோல்ட் பாக்குற மல்டிமீட்டர் வச்சு பாத்துடுவோம்னேன், ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடுறேன், மீட்டர் பக்கந்தான். அதுக்காக மத்த ரெண்டும் தப்புன்னு சொல்ல வரல.

பேட்டரி மாத்துறது பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, எங்க சைஸுக்கு ரெண்டும் சேத்து 30,000 பக்கம் போயிடும், ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். நிறைய தடவ அதுதான் சரியாவும் இருக்கும், ஏன்னா வெயில்ல ரெண்டு மாசம் சார்ஜ் ஏறாம கெடந்தா ப்ளேட்ல சல்பேட் படிஞ்சு பேட்டரி செத்துடும். ஆனா இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. புது பேட்டரி ஃபுல் சார்ஜ்ல மோசமான ஒயரையும் மீறி கரண்ட தள்ளிடும், இன்ஜின் எடுத்துடும், நாமளும் பேட்டரிதான் கோளாறுன்னு நம்பிட்டு கடலுக்குப் போயிடுவோம். பக்கத்து போட்டு மாமா அப்படித்தான் ரெண்டும் புதுசா போட்டார், ஐப்பசில அவர் போட்டுல மறுபடி அதே உர்ர். காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஹைட்ரோமீட்டர (பேட்டரி ஆசிட்டோட அடர்த்தி பாக்குற கருவி) விட்டு பாருங்க, ஒவ்வொரு செல்லும் 1.265 பக்கம் இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம், சார்ஜ் போட்டப்புறமும் ஒரு செல் மட்டும் மத்ததவிட 0.050க்கு மேல கம்மியா காட்டுச்சுன்னா அந்த பேட்டரி அவ்ளோதான். அப்படி மாத்துறதா இருந்தா ரெண்டையும் சேத்தே மாத்துங்க, சீரிஸ்ல பழசு ஒண்ணு புதுசு ஒண்ணுன்னா பழசு புதுசையும் சேத்து கெடுத்துடும்.

செல்ஃப் மோட்டார் கடைங்கிறது எனக்கு கடைசி வழி. கார்பன் தேஞ்சிருக்கலாம், புஷ் லூசாகி ஆர்மேச்சர் உரசலாம், எல்லாம் நடக்கிறதுதான். ஆனா இன்ஜின் ரூம்ல குனிஞ்சு படுத்து அந்த கனத்த கழட்டி மேல ஏத்தி, கடையில குடுத்து, அவங்க எதையாவது மாத்தி, திரும்ப கொண்டாந்து மாட்டுறதுக்குள்ள ஒரு நாள் பாடு போயிடும், மாட்டுனப்புறமும் அது இழுக்கலன்னா யார கேக்குறது?

இப்ப மீட்டர். 600 ரூபா மீட்டர்தான், ஆனா அதையும் தப்பா வச்சா ஒண்ணும் தெரியாது, நானே மொத நாள் தப்பாத்தான் வச்சேன். சும்மா நிக்கிறப்ப பேட்டரில வச்சேன், 25.1, பரவால்ல. ஒயர்ல பீப் சத்தம் வைக்கிற மோட்ல வச்சு பாத்தேன், எல்லா ஒயரும் பீப் பீப்னு கத்துச்சு. அப்ப ஒயர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். அங்கதான் கோட்ட விட்டது. ஒயருக்குள்ள ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாக்கூட பீப் அடிக்கும், ஏன்னா மீட்டர் அதுல அனுப்புறது துளி கரண்ட்தான். செல்ஃப் இழுக்குறதோ நூத்துக்கணக்கான ஆம்பியர். 0.02 ஓம் தடை இருந்தா மீட்டருக்கு அது தெரியவே தெரியாது, ஆனா 200 ஆம்பியர் போறப்ப அந்த எடத்துலயே 4 வோல்ட் செத்துடும்.

அதனால செல்ஃப் அடிக்கும்போதுதான் பாக்கணும். ஸ்டாப் லீவர இழுத்துப் பிடிச்சுக்கிட்டா டீசல் போகாது, இன்ஜின் எடுத்துடுமோங்கிற பயம் இல்ல. ஒருத்தர் 5 செகண்ட் அடிக்கணும், இன்னொருத்தர் மீட்டர பாக்கணும், நடுவுல ரெண்டு நிமிஷம் மோட்டார ஆற விடணும். பேட்டரி ரெண்டு முனையில 22.1 நின்னுச்சு, சரி பேட்டரி தாங்குது. செல்ஃப் மோட்டார்ல, அதோட பாடிக்கும் கரண்ட் வர்ற போல்ட்டுக்கும் நடுவுல 17.1. அஞ்சு வோல்ட் எங்க போச்சு? பிளஸ் பக்கம் பேட்டரிலேர்ந்து மோட்டார் போல்ட் வரைக்கும் வச்சேன், 0.7, கொஞ்சம் கூடத்தான். அப்புறம் ஒரு முனைய மைனஸ் டெர்மினல்ல, இன்னொரு முனைய இன்ஜின் பிளாக்ல வச்சேன், 4.3! எர்த்துன்னா பேட்டரி மைனஸ்லேர்ந்து இன்ஜினுக்குப் போற கேபிள், அது நல்லா இருந்தா அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். கைய வச்சா அந்த கேபிள் நுனியில போல்ட் மாட்டுற லக் சுட்டுச்சு.

லக்க வெட்டிப் பாத்தா உள்ள காப்பர் பச்சையும் கறுப்புமா பொடிஞ்சு கெடக்கு, வெளிய ரப்பர் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. உப்புக்காத்து லக் வழியா உள்ள ஏறி ஒயர திங்குது, டெர்மினல் பூத்தா கண்ணுக்குத் தெரியும், இது தெரியவே தெரியாது. எர்த் கேபிள் புதுசு போட்டு, பிளாக்ல போல்ட் உக்கார்ற எடத்துல பெயின்ட்ட சொரண்டிட்டு, டைட் பண்ணி வாசலின் தடவுனேன். பழைய பேட்டரிலயே ஒரே அடியில எடுத்துச்சு. மொத்தமா 2,000க்குள்ள முடிஞ்சது. இதுக்கு முன்னாடி டிரைவர் அண்ணன் ரெண்டு தடவ டீசல் லைன்ல ஏர் எடுத்து ஃபில்டரும் மாத்தியிருந்தார், அது தண்டம். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கெடையாது, காத்த அமுக்குற சூட்டுலதான் பத்தணும், மெதுவா சுத்துனா அந்த சூடே வராது, அதனால டீசல் வரலைன்னுதான் நமக்குத் தோணும்.

மீட்டர் எப்ப வேலைக்காவாதுன்னும் சொல்லிடணும். செல்ஃப் மெதுவா ஓயாம, எதுலயோ மோதுன மாதிரி டக்குனு இடிச்சு நிக்குதுன்னா மீட்டர எடுக்காதீங்க, முதல்ல பார் போட்டு கையால இன்ஜின சுத்திப் பாருங்க. சிலிண்டர்ல தண்ணி எறங்கியிருந்தா திரும்பத் திரும்ப செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடே வளைஞ்சிடும், டீசல் பீச்சுற நாஸில கழட்டித்தான் தண்ணிய வெளிய விடணும். அதே மாதிரி மோட்டார்கிட்டயே வோல்ட் நல்லா வந்தும், கையால லேசா சுத்தியும், செல்ஃப்ல மட்டும் மெதுவா சுத்துதுன்னா அப்ப சித்தப்பா சொன்ன கடைதான். எங்க கேஸ்ல அந்த அளவுக்குப் போகல. அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற இன்ஜின்) நான் வச்சிருந்ததில்ல, அதனால இந்த கணக்க அப்படியே அதுக்குப் போட வேணாம்.

புதுசா போட்டது வெள்ளீயம் பூசுன காப்பர் கேபிள், சாதாரணத்தவிட வெல கூட. கடைக்காரர் பல வருஷம் வரும்னார். நான் பாத்தது ஒரு சீசன்தான், வர்ற ஏப்ரல்ல போட்டு கரையேறுனதும் லக்க ஒரு தடவ கழட்டிப் பாக்கணும்.